டப்பாவில் மிஞ்சிய மாத்திரைகள்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரச் சந்தையில் மீன் வெட்டியே தங்கை பூரிங்கை டீச்சராக்கியவள் சேலிங். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவள். எழுபதைத் தாண்டிய இருவருக்குமே ரத்தக்கொதிப்பு. பென்ஷன் வாங்கும் பூரிங் தினமும் கடற்கரையில் நடக்கிறாள். சேலிங்கோ வாதம் வந்து, வலப்பக்கம் விளங்காமல் பாயில் கிடக்கிறாள்.

மாற்றுத்துணி எடுக்க அக்காவின் பெட்டியைத் திறந்த பூரிங், அதில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கண்டாள். மாதாமாதம் தான் வாங்கித் தந்த கொதிப்பு மாத்திரைகளில் பாதிக்குமேல் அதற்குள் பிரிக்காமல் கிடந்தன.

“என்னக்கா இது? தினமும் போடுறேன்னு சொன்னியே!”

“போட்டேனே.” சேலிங்கின் நாக்கு குழறியது. “பிடரி வலிச்சா போட்டேன். திருவிழாவுல சுட்ட பன்னிக்கறி தின்னா ரெண்டா போட்டேன். வலிக்காத அன்னிக்கு எதுக்குடி வீணாக்கணும்? டீச்சரம்மாவுக்குக் காசு மரத்துலயா காய்க்குது?”

பூரிங் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், வலிக்காத நாளிலும் கொதிப்பு உள்ளே இருக்கும் என்று அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்ததோடு தன் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டாள்.

“அழாதடி. மிச்சமெல்லாம் உனக்குத்தான், எடுத்துக்க.”

பூரிங் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு மாத்திரையை அக்காவின் உதட்டருகே நீட்டினாள். சேலிங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னிக்குத்தான் வலிக்கலையே.”