மூன்றாவது சுருள்

சேலத்தில் சினிமாப் படம் பிடிக்கும் ஒரு கம்பெனியின் வாசலில் நான் மூன்று நாள் நின்றேன். அப்போது எனக்கு முப்பது வயது. கொல்லிமலை அடிவாரத்தில் அப்பாவோடு நிலக்கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. டவுனுக்குப் போனால் கொட்டகையில் ஒரே படத்தை இரண்டு தடவை பார்ப்பேன். முதல் தடவை கதைக்காக, இரண்டாவது தடவை வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்ப்பதற்காக. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியின் பெரிய கேமராக்காரர் காரிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். "சும்மா வந்து நின்னா எப்படிய்யா? எதையாவது புடிச்சுக் கொண்டாந்து காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார். என்னை விரட்டுவதற்காகத்தான் சொல்லியிருப்பார். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊரை விட்டுப் போன ஒரு தோட்டத்துரை விற்றுச் சென்ற பழைய கேமரா ஒன்று சேலத்துப் போட்டோக் கடையில் இருந்தது. கையடக்கமானது. கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும், பிறகு நின்றுவிடும். என் பங்குக்கு வந்த ஒரு ஜோடிக் கன்றை விற்று அதை வாங்கினேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பிலிம் அதைவிடக் கஷ்டம். நூறடிச் சுருள் ஒன்று நாலு நிமிஷத்துக்குத்தான் வரும். யுத்த காலமாதலால் கடைக்காரரிடம் இருந்ததே மூன்று சுருள்கள். அதனால் இரண்டு மாதம் பிலிமே போடாமல் பழகினேன். சாவி கொடுப்பேன், கேமராவின் பார்வைக் குழாய் வழியாகப் பார்ப்பேன், பொத்தானை அழுத்துவேன். வெறும் கேமரா கரகரவென்று ஓடும். என் மனைவி கடலை உரித்துக்கொண்டே எண்ணுவாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டு எண்ணும்வரை ஆடாமல் பிடிக்க வேண்டும். எனக்குக் கை வலித்தால் அவள் வாங்கிப் பிடித்துப் பார்ப்பாள். அவள் கை ஆடாது. கிணற்றடியிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்த கை அது. அப்போது அதை நான் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

எதைப் பிடிப்பது? நடிக்க ஆள் இல்லை, விளக்கு இல்லை. கொல்லிமலை மேல் அரியூர் நாட்டில் ஒரு மலைக்காரர் எங்கள் வீட்டுக்குச் சாமை கொண்டுவந்து கொடுப்பார். அறுவடை சமயம் அவர் களத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. வெயில் அங்கே சும்மா கிடைக்கும்.

முதல் தடவை நான் மட்டும் ஏறினேன். நடைபாதைதான், விடியலில் கிளம்பினால் மத்தியானம் ஆகிவிடும். மேலே போன களைப்பில் பாறை மேல் உட்கார்ந்து வெயிலிலேயே சுருளை மாட்டினேன். பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வர ஒன்றரை மாதமானது. தொடக்கம் முழுக்க வெள்ளை, வெயில் தின்றுவிட்டது. மீதி முழுக்கக் கறுப்பு. லென்ஸில் வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணை நான் அளவுக்கு மேல் மூடியிருந்தேன்.

இரண்டாம் தடவை திண்ணனூர் நாட்டுப் பக்கம் போய் வயல்களைப் பிடித்தேன். வெளிச்சம் சரியாக வந்தது. ஆனால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓயாமல் திருப்பியிருந்தேன். போட்டோக் கடைக்காரர் தன் கைப்புரொஜெக்டரில் சுற்றிக் காட்டிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். என் மனைவி சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"ஒரே கோடு கோடாத் தெரியுதுங்க. எதுக்கு இப்படித் திருப்புனீங்க?"

"மலை முச்சூடும் தெரியட்டும்னுதான்."

"நான் ஒண்ணைப் பாத்தா நின்னுல்லங்க பாப்பேன்" என்றாள்.

அவ்வளவு நாளும் ஏறி இறங்கியது கால்களில் அப்படியே தங்கியிருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைசிச் சுருள் பெட்டிக்குள் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மாயிருக்கவும் முடியவில்லை.

அடுத்த அறுவடைக்கு அவளும் வருகிறேன் என்றாள். தச்சர் செய்து கொடுத்த மூன்று கால் ஸ்டாண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் எனக்கு முதுகு சில்லிட்டது. ஏறும் வேர்வை என்று நினைத்தேன். மலைக்காரர் வீட்டை அடைவதற்குள் பல் கிட்டிக்கொண்டது. அது மலைக்காய்ச்சல். எப்போது பிடித்ததோ தெரியாது.

அவருடைய சம்சாரம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மலைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "சாமி, நாளைக்குக் களம் முடிஞ்சிரும். மழை வருது, மாட்டை நிறுத்தி வைக்க முடியாதுங்க" என்றார்.

மறுநாள் காலையில் களத்தோரம் ஒரு மரத்தடியில் கம்பளிக்குள் உட்கார்ந்தேன். கேமராவை எடுத்தால் கையோடு அதுவும் நடுங்கியது. ஸ்டாண்டில் மாட்டினாலும் நிற்க முடியவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் இருந்தேன்.

என் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். "குடுங்க."

"உனக்கு என்ன புள்ள தெரியும்?"

"எட்டு எண்ணத் தெரியும். சாவி குடுக்கத் தெரியும். மிச்சத்தை நீங்க சொல்லுங்க."

சுருளைக் கம்பளிக்குள்ளேயே மாட்டிக் கொடுத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் போனாள். மாடுகள் சுற்றிவந்து கதிரை மிதிப்பதை ஒரு இடத்தில் நின்று எடுத்தாள். பிறகு கிட்டப்போய்க் குளம்புகளை மட்டும் எடுத்தாள். எதையும் திருப்பவில்லை, அவள் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது தூற்ற ஆரம்பித்தார்கள். மலைக்காரரின் சம்சாரம் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். என் மனைவி சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்று, கேமராவைச் சூரியனைப் பார்த்து வைத்தாள். பிலிம் பெட்டியோடு வந்த அட்டையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

"அங்கிருந்து வேண்டாம்! கெட்டுப் போயிரும்!" என்று கத்தினேன்.

"இங்கிருந்து பாத்தாத்தானுங்க தூசி தெரியுது" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். "ஆளு கறுப்பாத் தெரியறாங்க. கண்ணைக் கொஞ்சம் தொறந்து உடட்டுங்களா?"

எனக்கு வாதாடத் தெம்பில்லை. "என்னமோ பண்ணு" என்று படுத்துவிட்டேன்.

கீழே என்னைத் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். கொயினா மாத்திரையில் காது அடைத்துப் போய் ஒரு மாதம் கிடந்தேன். சுருள் கழுவி வந்ததும் நானே சேலம் போய்க் கடையில் சுற்றிப் பார்த்தேன். சின்னத் திரையில் பதர் பொன்னாகப் பறந்தது. அதற்கு நடுவே முறத்தைத் தூக்கிய ஒரு பெண், ஓரமெல்லாம் ஒளியாக நின்றாள். கடைக்காரர் சுற்றுவதை நிறுத்தாமல், "அடேயப்பா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. யார் எடுத்தது என்று அவர் கேட்குமுன் சுருளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கம்பெனியில் கேமராக்காரர் அதை இரண்டு தடவை போடச் சொன்னார்.

"நீதான் எடுத்தியா?"

"ஆமாங்க."

"எதிர்வெயில்ல எடுக்க யாரு சொல்லிக் குடுத்தது?"

"அங்கிருந்து பாத்தாத்தானுங்க தூசி தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். மறுநாளே லென்ஸ் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. சுருளை அவர் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நானே எடுத்ததாகச் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளை எடுத்ததுன்னா வேலை குடுத்திருப்பாங்களா?" என்றாள்.

"மாட்டாங்க."

"அப்புறமென்ன." சற்றுக் கழித்து, "ஓடறப்ப எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

சொல்லத் தொடங்கினேன். பதர், வெளிச்சம் என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே அது சரியாக வரவில்லை. அவள் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

அந்தக் கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்தேன். பெட்டி தூக்கினேன், வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன், கேமராவுக்கும் நடிகருக்கும் நடுவே நாடா பிடித்து அடி அளந்தேன். கேமராவில் கண் வைக்க ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இரண்டொரு முறை என்னைச் சோதிப்பது போல ஏதாவது கேட்பார்கள். எங்கே நின்று பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சேலத்தில் வீடு பிடிப்பதற்காக அந்தச் சாவிக் கேமராவையும் முதல் வருஷமே விற்றிருந்தேன். அவளைக் கேட்கவில்லை.

அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்குத் திரும்பினோம். கிளம்புகிற அன்று கேமராக்காரரிடம் அந்தச் சுருளைக் கேட்கலாமென்று அவர் அறை வாசல் வரை போனேன். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? இது திரையில் ஓடி என் சம்சாரம் பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே வெயிலைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் களைத்துப் போயிருந்ததால் அடிவாரம் வரும்வரை தூங்கிவிட்டேன்.