மூன்றேகால் மணிக்கு வீடு பார்க்க வந்தவர்கள்

பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். காதில் பழுதில்லை, டாக்டரே சோதித்துப் பார்த்துவிட்டார். நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மில் குடியிருப்பில்தான் இருந்தோம். அதை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கு இதயம் பலவீனம். படி ஏறக்கூடாது, பதறக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. அதனால் கீழ்த்தளத்தில் வீடு வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புரோக்கர் பின்னால் அலைந்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருப்பான். கண்ணாடி என்றே அவனுக்குப் பெயர் வைத்தேன். கண்ணை விட்டுவிட்டுத் தலைக்குக் கண்ணாடி போடுகிறவனை எப்படி நம்புவது? கடைசியில் எங்கள் இருவரையும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

"காத்து பிச்சிக்கிட்டுப் போகும் ஐயா. தண்ணிக்குக் கஷ்டமே இல்ல. அக்கம்பக்கம் எல்லாம் தங்கமான மனுஷங்க."

"பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன?"

தலையைச் சொறிந்தான். "பேர் தெரியாதுங்க. ஆனா தங்கம்."

மனைவி அதற்குள் படுக்கையறைக்குப் போய்விட்டாள். அங்கே ஜன்னல் கதவு கீல் இறங்கி, சட்டத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. நான் முட்டி மோதியும் திறக்கவில்லை. அவள் லேசாகத் தூக்கித் தள்ளினாள். கிறீச் என்று திறந்தது.

"உங்கள மாதிரிதான். தள்ளினா நகராது. கொஞ்சம் தூக்கிவிடணும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

குடிவந்த இரண்டாவது வாரம். புதன்கிழமை மத்தியானம். அவள் கூடத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால்.

படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"காத்து பிச்சிக்கிட்டுப் போகும். தண்ணிக்குக் கஷ்டமே இல்ல..."

கண்ணாடியின் குரல்! எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் இருக்கும்போதே வேறு ஆளுக்கு வீட்டைக் காட்டுகிறானா? எழுந்தேன். உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. "இந்த ஜன்னல் திறக்குமா?"

அதற்கு யாரோ பதில் சொன்னார்கள். தாழ்ந்த குரல். வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் எங்கேயோ கேட்டுப் பழகிய குரல்...

பிறகு, கிறீச்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். யாரும் இல்லை. ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது. காலையில் நானே சாத்தியது. வெளியே இரும்புக் கம்பி; பூனைகூட நுழைய முடியாது.

வாசலுக்குப் போய், மனைவி காதில் விழாமல் அவனுக்குப் போன் போட்டேன்.

"யோவ், என் வீட்டுக்குள்ள எப்படிய்யா வந்த?"

"ஐயா, நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிக்கிறேன். காலையிலேர்ந்து இங்கதான்."

பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. அதையும் நான் நம்பவில்லை. அன்றைக்கே வாசல் பூட்டை மாற்றினேன்.

"எதுக்குங்க புதுப் பூட்டு?" என்றாள்.

"பழசு துருப்பிடிச்சிருக்கு."

அவள் பதறக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

அடுத்த புதன்கிழமை. அதே நேரம். அவள் அதே கட்டிலில்.

உள்ளே அதே குரல்கள். இந்த முறை ஒரு வரி கூடுதல்.

"இப்ப ஒரே ஆளுதான் இருக்காரு. பெரியவர் மட்டும்."

அவளைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது...

புளுகன், வீட்டைத் தள்ளிவிட ஒரு ஆளைக் குறைத்துச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

இருபது நாள் கழித்து, ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வேறு ஆள் பார்க்கும்படி கண்ணாடியிடம் சொன்னேன். போன மாதக் கடைசிப் புதன்கிழமை ஒரு சின்னப் பெண்ணையும் அவள் புருஷனையும் கூட்டி வந்தான்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"காத்து பிச்சிக்கிட்டுப் போகும்..." என்று ஆரம்பித்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றேகால்.

"இப்ப ஒரே ஆளுதான் இருக்காரு. பெரியவர் மட்டும்" என்று சொல்லிக்கொண்டே புருஷனைச் சமையலறைக்குக் கூட்டிப் போனான். அந்தப் பெண் மட்டும் படுக்கையறையில்.

"இந்த ஜன்னல் திறக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை.

யாரோ சொன்னார்கள்.

தாழ்ந்த குரல்...

கிறீச்.

பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "லேசா தூக்கித் தள்ளச் சொன்னாங்க ஐயா. உடனே திறந்துடுச்சு."

"யாரும்மா சொன்னது?"

"உள்ள படுத்திருக்காங்களே, அம்மா... அவங்கதான்." புரோக்கர் பக்கம் திரும்பினாள். "ஒரே ஆளுன்னு சொன்னீங்களே அண்ணே?"

கண்ணாடி உள்ளே எட்டிப் பார்த்தான். வாயைத் திறக்காமல் வாசலுக்கு நடந்தான். அவன் பேசாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண் விடவில்லை. "நீ கவலைப்படாம குடிவாம்மா, அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்பிடுவோம்னு சொன்னாங்க. எந்த ஊருக்குங்க ஐயா?"

மகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. இவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

அடுத்த மாதம் என்று சொன்னது இந்த மாதம்தான்.

இதில் இன்னும் ஒரு புதன்கிழமை பாக்கி இருக்கிறது.