எலெனியின் ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்

லண்டன் ஆர்ச்வேயில் எனக்கு அறை வாடகைக்குத் தந்த எலெனி கிரேக்கப் பெண்மணி. கும்பிடுவது கிரேக்க மொழியில்; குழாய் ஒழுகினால் ஏசுவது மட்டும் வேறொரு பாஷையில். அது துருக்கி என்று அறிய எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

எண்பத்தாறாம் ஆண்டு. "எப்போது வீட்டுக்குப் போகப்போகிறாய்?" என்று ஒருநாள் கேட்டார். அறையை விடச் சொல்கிறார் என்று பயந்து, மேலே போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் ஏறி வந்தவர் அதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். "உன் நாட்டுக்கு எப்போது என்று கேட்டேன்!" கட்டிலில் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னார். வட கிரேக்கத்தில், மலையடிவாரத்துச் சின்ன ஊர். முன்பு அங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் பேசி அவர்களைத் துருக்கிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்த கிறிஸ்தவர்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்தன. அப்படிக் கப்பலில் வந்தவர்தான் எலெனியின் தாய். வாயில் இருந்தது துருக்கிப் பாஷை மட்டும். அவர்களுக்குக் கிடைத்த வீட்டின் அடுப்படியில், போனவர்கள் விறகு அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்களாம். பிறகு யுத்தம், பஞ்சம். இளம் ஆட்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். எலெனி லண்டனுக்கு வந்தார்.

தொண்ணூற்றைந்தில் தையல் வேலையை விட்டு, கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கப்போகிறேன் என்று புறப்பட்டார். இலை உதிர முன்னரே திரும்பி வந்துவிட்டார்.

"பூட்டை உடைத்து உள்ளே அல்பேனியக் குடும்பம் ஒன்று இருந்தது. மூன்று பிள்ளைகள். என் வீட்டிலேயே எனக்குக் கோப்பி போட்டுத் தந்தாள் அந்தப் பெண். நான் குடிக்கவில்லை. பொலிசைக் கூப்பிட்டேன்."

"போய்விட்டார்களா?"

"போனார்கள். அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. அதையும் பூட்டிவிட்டார்கள். ஊரில் மிச்சமிருப்பது கிழடுகள். ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மனுஷன் மட்டும், உன் தாயும் இப்படித்தானே வந்தாள் என்றார்."



அந்த ஆண்டு முடிவதற்குள் கொழும்பிலிருந்து அண்ணை போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் யுத்தம்; வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து எங்கள் தென்மராட்சிப் பகுதிக்கு வந்த நேரம். "சாவகச்சேரியில எங்கட வீட்டுக்குள்ள ஒரு குடும்பம் வந்து இருக்குதாம். எழும்பிப் போகச் சொல்லவோ?"

"வேண்டாம் அண்ணை. இருக்கட்டும்."

"ஓம், இப்ப சொல்லுவாய். நாளைக்கு நீ வந்தா எங்க இருப்பாய்?"

போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். எங்கள் முற்றத்துக் கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள் காய்கின்றன. நான் படலைக்கு வெளியே நிற்கிறேன். தள்ளிக்கொண்டு உள்ளே போவதா, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்து நிற்பதா?