வலப்பக்கம் நின்ற பாய் வண்டி

குளக்கரை ஸ்டாண்டில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகன் வந்து, "யூசுப் பாய் போய்ட்டாரு தலைவரே" என்றான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். துக்கத்தில் துடைத்த துணியைக் கீழே போட்டேன். கூடவே, சாவதில்கூட மனுஷன் நோகாமல் முந்திக்கொண்டாரே என்று பொறாமையும் வந்தது. அவரைத் தெரிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டாண்டுக்குத் தலைவர் நான். ஆனால் சவாரித் தகராறு என்றால் எல்லோரும் போனது பாயிடம்தான்.

என் வாய் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை சைதாப்பேட்டை மண்டபத்தில், முருகனுடைய மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், அவனை "டேய் ரிவர்ஸு" என்று நான் வைத்த பட்டப்பெயரால் கூப்பிட்டுவிட்டேன். மறுவாரமே என்னை இறக்கிவிட்டுப் பாயை உட்காரவைக்கக் கூட்டம் கூடியது. நமக்கு ஓட்டுச்சீட்டு கிடையாது, வண்டிதான் ஓட்டு. தலைவர் வேண்டாம் என்றால் தெருவில் வலப்பக்கம் நிறுத்த வேண்டும். இருக்கட்டும் என்றால் இடப்பக்கம். முப்பது வண்டியில் பதினாறு வலப்பக்கம் போனால் என் கதை முடிந்தது.

சாவியைத் திருகும் முன் பாய் எழுந்தார். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

"பார்லிமெண்ட்ல ஒரு ஜட்ஜை எறக்க மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வோணும். நம்ம தலைவரு மட்டும் இன்னா இளப்பமா? உக்கார வெக்க பாதி போதும், எறக்க இருபது வண்டி வோணும். மொதல்ல அத்த மாத்துங்க."

அவர் சொன்னதால் முப்பது கையும் மேலே போயின. நான் சொல்லி மூன்று கை போனதில்லை.

பிறகு வண்டிகள் நகர்ந்தன. வலப்பக்கம் பதினெட்டு. இரண்டு வண்டியில் பிழைத்தேன். பாய்க்கு நன்றி சொல்லப் போனால், வலப்பக்க வரிசையில் முதல் வண்டியே அவருடையது.

"இன்னா பாய், கையும் குடுத்து காலையும் வாரிட்ட?"

"நீ லாயக்கில்ல நைனா, அதான் இங்க நிறுத்துனேன். அதுக்காக, கோவத்துல கீறவங்க மட்டும் சேந்து ஒர்த்தன எறக்கிடக் கூடாது. நாளைக்கு நான் உக்காந்தாலும் அதே இருபதுதான்."

திட்டக்கூட இடம் வைக்காத மனுஷன்.

நேற்று அவரை அடக்கம் செய்யப் போனபோது, மிச்சமிருந்த இருபத்தொன்பது வண்டியும் அவர் தெருவில் ஒரே பக்கம் நின்றன. எனக்கு அப்படி ஒருநாளும் நிற்காது. இனி பழையபடி பாதியே போதும் என்று இப்போதே இரண்டு பேர் பேசுகிறார்கள். நான் தலைவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இருபதை விடமாட்டேன். வலப்பக்கத்து முதல் இடத்திலும் வேறு வண்டியை நிறுத்தவிடப் போவதில்லை. என்னை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே காப்பாற்ற ஒருவர் அங்கேதான் நின்றார்.