சேர்த்துப் போட்ட கட்டில்

சோபாக்காரர் ஒருகாலத்தில் டிரைவருக்கு மூன்று மாத வேன் வாடகை பாக்கி வைத்திருந்தார். பாக்கியைக் கேட்க வந்த டிரைவர் வெறும் மரச்சட்டமாக நின்ற சோபாவில் உட்கார்ந்தார், ஆணி குத்தித் துள்ளி எழுந்தார். "சோபாக் கடையில உட்கார இடமில்ல, நல்ல பொழப்புய்யா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பாக்கி மறு வருஷமே தீர்ந்தது. சிரித்த ஆள்தான் முப்பது வருஷமாகத் திரும்பிப் போகவில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் சோபாக்காரர். இன்றைக்கு அந்த ஊரில் காலை நீட்டி உட்கார்ந்து பேசுகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் அவர் தைத்த மெத்தைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் கையையும் எதிர்பார்த்து வந்ததில்லை, டிரைவர் கையைத் தவிர.

வீட்டில் ஒரே படுக்கையறை, இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போட்டிருக்கும். வாசலில் மணி அடித்தால் டிரைவர் எழுந்துபோய்த் தன் கட்டிலை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூலை வைப்பார். வருகிறவர்களுக்கு அவர் முதலாளி வீட்டில் தங்கியிருக்கும் டிரைவர். சத்தம் கேட்கக் கூடாதென்று கட்டில் கால்களுக்கு ரப்பர் சக்கரம் மாட்டியவர் சோபாக்காரர். வேறு எவனுக்கு அந்த மூளை வரும்?

அப்படியிருக்க, பழைய சோபாவுக்குத் துணி மாற்ற வந்த ஒரு பெண், தான் குறும்படம் எடுப்பதாகச் சொன்னாள். ஆணும் ஆணும் காதலிக்கிற கதைகள். செல்போனில் நாலைந்து காட்டினாள். ஒன்றில் ஒருவன் இன்னொருவனின் பிடரியில் கைவைத்துத் தன் பக்கம் இழுத்தான். சோபாக்காரருக்குத் தன் பிடரி சுட்டது. ஆனால் எல்லாப் படத்திலும் கடைசியில் ஒருவன் செத்தான், அல்லது பெண் பார்க்கப் போனான்.

"ஏம்மா, இவங்க யாருமே சேர்ந்து மளிகை வாங்கப் போகமாட்டாங்களா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அடுத்த படம் அதுதான் அங்கிள். வயசான ஜோடி. வீடுதான் கிடைக்கல. கதையைக் கேட்டதும் கதவைச் சாத்திடறாங்க."

"என் வீடு இருக்கு. சேர்த்துப் போட்ட கட்டிலோட இருக்கு," என்று சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். டிரைவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்த?"

"ஒருநாள்தான்யா."

"அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கப் போறவன் நான்." தட்டை நகர்த்திவிட்டு, "வீட்டைக் குடு. நம்ம கதையைக் குடுக்காத. நான் உன் டிரைவர்னே சொல்லு," என்றார்.

சோபாக்காரர் தலையாட்டினார். ஒரே ஒரு தடவை, வீட்டுக்கு வந்தவரிடம் 'இவர் யார் தெரியுமா' என்று மார்தட்டிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. சம்பாதித்த அத்தனையையும் ஊருக்குக் காட்டியவர், இதை மட்டும் காட்டியதில்லை.

படப்பிடிப்பன்று காலையில் மணி அடித்தது. வருவது யாரென்று தெரிந்தும் டிரைவரின் கால் தானாக ஓடியது. டைரக்டர் பெண் அறைக்குள் வந்தபோது ஆளுக்கொரு மூலையில் கட்டில், நடுவில் ஸ்டூல்.

"அங்கிள், சேர்த்துப் போட்டிருக்கும்னு சொன்னீங்களே?"

சோபாக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். படக்குழுவினரே சேர்த்துப் போட்டார்கள். நடிகர்கள் இருவரும் படுத்தார்கள். பெரியவர் கதவுப் பக்கம் மல்லாந்து, சின்னவர் சுவரோரம். கேமரா தயாரானது.

"அது தப்பு," என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல். டிரைவர்தான். "மல்லாந்து படுத்தா விடிய விடியக் குறட்டை. அவரைச் சுவர்ப் பக்கம் போடுங்க, ஒருக்களிச்சு. கை இவர் மேல கிடக்கணும். இல்லேன்னா அவருக்குத் தூக்கம் வராது."

"யாருக்கு அங்கிள்?"

அப்போதுதான் டிரைவருக்குத் தான் என்ன சொன்னோமென்று உறைத்தது. சோபாக்காரரைப் பார்த்தார். வாய் ஓயாத அந்த மனிதர், நடுவிலிருந்து எடுத்த ஸ்டூலைக் கையில் பிடித்தபடி நின்றார். 'பொதுவாச் சொன்னேம்மா' என்று சொன்னால் முடிந்துபோகும்.

"இவருக்குத்தான்," என்றார் டிரைவர். "முப்பது வருஷமா."

"நீங்க கதவுப் பக்கமா?"

"மணி அடிச்சா கட்டிலைப் பிரிக்கணுமில்ல?"

மல்லாந்து படுத்திருந்த பெரியவர் எழுந்து, "அப்போ நான் முதலாளியா? எப்படி நடிக்கணும்?" என்று கேட்டார்.

"வாயை மூடாம நடிங்க, சரியா வரும்."

அறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சோபாக்காரர். சிரித்ததில்தான் கண்ணில் நீர் வந்ததென்று எல்லாரிடமும் சொன்னார்.

படம் முடிந்து சாமான்களைக் கட்டியதும் அந்தப் பெண் பர்ஸைத் திறந்தாள். "வீட்டு வாடகை. யார்கிட்ட குடுக்கணும்?"

"முதலாளிகிட்ட குடும்மா," என்றார் டிரைவர், பழக்கத்தில்.

"யாருய்யா முதலாளி? கடைக்கு நான் முதலாளி. வீட்டுக்கு நீதான்." சோபாக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இவர் யார் தெரியுமாம்மா? நான் இன்னிக்கு நிக்கிறேன்னா இவராலதான். என் வீட்டுக்காரர். கையை நீட்டுய்யா!"

டிரைவர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். விரிந்த அந்த உள்ளங்கையில் அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.