இருபத்து நான்காவது டேப்லெட்

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில், ஓய்வு பெற்ற பிறகும் பொருள்களை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. பாடத்துக்கான டேப்லெட் கணினிகள் மொத்தம் இருபத்து நான்கு. சென்ற ஆடியில் ஒரு மாலை, வகுப்பறைப் பெட்டியில் மூன்று முறை எண்ணியும் இருபத்து மூன்றுதான் தேறின. கடைசியாகப் பாடம் நடத்தியவர், குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வரும் புதிய கணக்கு டீச்சர். அங்கேயே நின்று தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பொண்ணுதான் சார் எடுத்துக்கினு போயிருக்கும். எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம். வேலைய விட்டு அனுப்புங்க."

மறுநாள் டீச்சரே என்னிடம் வந்தார்.

"சார், நீங்க தேடுன டேப்லெட்டு புரொஜெக்டர் பக்கத்து ஸ்டாண்டுலதான் இருந்துச்சு. நான் எழுதுறது, பேசுறது எல்லாம் அதுலதான் ரெக்கார்டு ஆவும். நேத்து பஸ்ஸுக்கு ஓடுனதுல நிறுத்த மறந்துட்டேன்."

ஸ்டாண்டில் இருந்ததை புரொஜெக்டரின் பாகம் என்று நினைத்து நான் எண்ணாமல் விட்டிருந்தேன்.

"அப்ப, நான் பேசுனது?"

"நீங்க பேசுன நாலு நிமிஷத்த வெட்டிட்டேன் சார். பசங்க வூட்ல போட்டுப் பாப்பாங்க. உங்களத் தப்பா நெனைக்கக் கூடாதுல்ல."

அன்றே தலைமையாசிரியரிடம் என் தவறைச் சொல்லிவிட்டேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்றுவரை வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.