அக்கி இல்லை

திருச்சியில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் தேடியபோதுதான் இந்த ஊர் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது. நான் தேடிய இடத்துக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. பகல் நேரமாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருக்க வேண்டும், ஆனால் பேச்சு அவர்கள் காதில் விழக் கூடாது. வருகிறவர் தானாக வந்து, பாதியில் போக நினைத்தால் தானாகப் போய்விட முடிய வேண்டும். ஹோட்டல் கூடாது. தட்டு வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டால் நம் ஊரில் யாராலும் எழுந்து போக முடியாது.

எனக்கு ஹெர்பிஸ் இருப்பதை, என்னோடு பழக விரும்பிய ஒருவரிடம் அன்றைக்குச் சொல்வதாக இருந்தேன். உடலுறவில் பரவுகிற வகை. கேட்ட பிறகு அவர் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், அதை என் முகத்துக்காக விழுங்கிக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால், எதற்கு வேண்டும் என்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். இடம் தேடியது அதற்காகத்தான்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஒருவரோடு பழகினேன். அவருக்கு இது இருந்தது, இருப்பதும் தெரியும். அவர் சொல்லவில்லை. அது முடிந்தபிறகு ஸ்ரீரங்கத்தில் அப்பா அம்மாவோடு வந்து சேர்ந்தேன். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வால்வுகளைச் சோதித்து அனுப்பும் வேலை கிடைத்தது. தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் சிகிச்சை. வாசல் பலகையில் ‘தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்’ என்று இருக்கும். உள்ளே காத்திருக்கும் எல்லோருமே முதல் வார்த்தைக்காகத்தான் வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான். வீட்டில் அதற்குப் பெயர் ஸ்கின் அலர்ஜி.

“இது உடம்புல தங்கிடும்மா. மாத்திரையால அடக்கி வைக்கலாம். இன்னொருத்தருக்கு ஒட்டுற வாய்ப்பையும் நல்லாக் குறைக்கலாம். ஆனா சுத்தமா இல்லைன்னு நான் எழுதித் தர முடியாது” என்றார் டாக்டரம்மா. “அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தர் சரின்னா, அதுதான் சரி.”

நான் இதைச் சொல்ல இருந்தவர் லால்குடிக்காரர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறார். என்னோடு வேலை செய்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் பக்கத்து இலை. பிறகு சில மாதங்கள் போனில்தான் பேச்சு. எங்காவது தனியாகப் பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டார். பார்க்கலாம், இடம் நான் சொல்கிறேன் என்றேன்.

எல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. பெரியகடை வீதியில் அவள் வீட்டாருக்குத் துணிக்கடை இருக்கிறது. கடையில் ஆள் குறைந்த மத்தியான வேளையில் போனில் கூப்பிட்டாள்.

“முக்கொம்பு போங்களேன்டி.”

“ஜோடியைப் பாத்தா போலீஸ்காரர் வந்து அப்பா நம்பர் கேப்பார்.”

“மலைக்கோட்டை?”

“மூச்சு வாங்கிட்டிருக்கிற மனுஷன்கிட்ட இதைச் சொல்லணுமா?”

“அம்மா மண்டபம். ஆத்தங்கரை, காத்து வரும்.”

“அங்க தர்ப்பணம் பண்ணிட்டிருப்பாங்கடி.”

“அட ஆமாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காரியம் வேண்டாம்.” சிரித்துவிட்டு, “நீ மாப்பிள்ளை பாக்கப் போறியா, வால்வ் டெஸ்ட் பண்ணப் போறியா? பாவம், அவன் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிட்டு வருவான். நீ ஹெல்மெட்டோட நில்லு” என்றாள். பிறகு குரலை இறக்கி, “அவன் ஓடிட்டான்னா என்னடி பண்ணுவே?” என்றாள்.

“ஓடறதுக்குத் தோதான இடமாத்தான் தேடறேன்.”

கடையில் யாரோ சுடிதார் மெட்டீரியல் விலை கேட்பது மட்டும் கேட்டது.

கடைசியில் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று முடிவு செய்தேன். வார நாளில் அங்கே கூட்டம் இருக்காது. எங்கள் தெருக்காரர்கள் அந்த நேரத்தில் கோயிலில் இருப்பார்களே தவிரப் பூச்சி பார்க்க வர மாட்டார்கள். அவரிடம் முன்கூட்டியே சொன்னேன்: “முக்கியமான விஷயம் ஒண்ணு பேசணும். கேட்டவுடனே பதில் சொல்ல வேண்டாம். நடுவுல கிளம்பணும்னு தோணினா கிளம்பிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“அப்படி என்னங்க? உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லைங்க.”

“அப்ப வரேன்.”

அயர்ன் செய்த சட்டையில்தான் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கைமுறுக்கு. மரத்தடிப் பெஞ்சில் பொட்டலத்தை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். சற்றுத் தள்ளி ஒரு டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“எனக்கு ஹெர்பிஸ் இருக்கு.”

அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். நிம்மதிச் சிரிப்பு.

“அக்கியா! இதுக்குத்தானா இவ்வளவு பீடிகை? எங்கம்மாவுக்கு இடுப்பைச் சுத்தி வந்துச்சே. டாக்டர் சீட்டுல ஹெர்பிஸ்னுதான் எழுதியிருந்தார். அம்மா கேக்காம, மண்பானை செய்யறவங்க வீட்டுல போய் அக்கி எழுதிக்கிட்டாங்க. அந்த வீட்டுக்காரர் காவியைக் கரைச்சு முதுகுல சிங்கம் வரைஞ்சு விட்டார். சிங்கமா நாயான்னு எங்கப்பாவுக்கும் அவருக்கும் சண்டை. அப்புறம் தானா காஞ்சு போச்சு. பரவாயில்லைங்க, இதெல்லாம் ஒரு விஷயமா?”

இடம், நேரம், அவர் திரும்பிப் போகிற பஸ் வரைக்கும் யோசித்திருந்தேன். இந்த ஊரில் ஹெர்பிஸ் என்றால் அக்கி என்பதை யோசிக்கவில்லை. அவர் சொன்னதும் தப்பில்லை. அக்கிக்கும் டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அது சின்னம்மைக் கிருமியால் வருவது, என்னுடையது வேறு கிருமி. பெயரின் முன்பாதி மட்டும் ஒன்று.

நான் சொல்லிவிட்டேன், அவர் பரவாயில்லை என்றுவிட்டார். பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். அந்த முகத்தை அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லையே. ஆனால் சென்னையில் இருந்தவரும் பொய் சொல்லவில்லை. அவரை நான் கேட்காததால் அவர் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

“அக்கி இல்லைங்க” என்றேன்.

“பின்னே?”

“பேர் ஒண்ணுதான், நோய் வேற. இது உடலுறவுல பரவறது. எனக்கு அந்த இடத்துலதான் வரும். முழுசாக் குணமாகாது. மாத்திரை சாப்பிடறேன், எப்பவாவதுதான் வருது. வெளியில தெரியாதப்பவும் கூட இருக்கிறவருக்கு ஒட்டலாம். வாய்ப்பைக் குறைக்கலாம், இல்லாமப் பண்ண முடியாது.”

அவர் கையில் முறுக்கு இருந்தது. அதைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. டீச்சர் ஒரு பிள்ளை குறைவதாகச் சத்தம் போட்டு, பிறகு தன் பின்னாலேயே அது நிற்பதைக் கண்டுபிடித்தார்.

“யார்கிட்டேர்ந்துன்னு கேக்கலாமா?”

“பழகின ஒருத்தர்கிட்டேர்ந்து. அவர் என்கிட்ட சொல்லலை.”

தலையை ஆட்டினார். முறுக்கைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார். பிறகு, “இப்ப பரவாயில்லைன்னு சொன்னேன் இல்லையா, அது அக்கிக்குச் சொன்னது” என்றார்.

“தெரியும்.”

“அதை வாபஸ் வாங்கிக்கிறேங்க. இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.”

“சரிங்க.”

திட்டுவார், அழுவார், போனைப் பார்ப்பதுபோல நழுவுவார் என்று எல்லாவற்றுக்கும் என்னைத் தயார் செய்திருந்தேன். கொடுத்த வார்த்தையை ஒருவர் எதிரில் உட்கார்ந்து திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. வலித்தது. ஆனால் அந்த நோயைப் பற்றி ஓர் ஆண் என்னிடம் ஒளிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. போயிட்டு வரேன் என்று எழுந்தார். பொட்டலத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அருவருப்பில் விட்டாரா, எனக்காக வாங்கியது என்று விட்டாரா என்பதை வீடு வரும் வரை யோசித்தேன். ஒன்றையும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு பல நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. “ஒரு குட் மார்னிங்காவது தட்டி விடேன்டி” என்றாள் தோழி. குட் மார்னிங்கும் ஒரு நெருக்குதல்தான் என்று சொன்னேன். “உன் நியாயத்தை ஊறுகாய் போட்டு வெச்சுக்கோ” என்று போனை வைத்துவிட்டாள். எனக்கும் அப்படிக் காத்திருப்பது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை. வேலையில் ஒரே வால்வை இரண்டு தடவை சோதித்தேன்.

ஒரு காலையில் அவர் கூப்பிட்டார்.

“உங்க டாக்டரை நான் பாக்கலாமாங்க? நெட்டுல படிச்சுப் படிச்சு பயம்தான் ஏறுது. உங்க உடம்பைப் பத்திக் கேக்க மாட்டேன், நோயைப் பத்தி மட்டும். உங்களுக்குச் சரின்னாத்தான்.”

சரி என்றேன். அவர் உள்ளே போனபோது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வெளியே இருக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். வெளியே வந்தவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“என்னையும் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்றாங்க. நீங்க எப்பவாவது எடுத்திருக்கீங்களான்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நானாவே நினைச்சுட்டிருந்திருக்கேன்.”

தில்லைநகர் மெயின் ரோட்டில் நிழல் இருந்த பக்கமாக நடந்தோம். ஒரு பேக்கரி வாசலில் நின்றார்.

“பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேங்க. ஆனா உங்களோட பழகணும். தெரிஞ்சுதான் சொல்றேன். மத்ததெல்லாம் மெதுவா, ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டுப் போலாம்.” கொஞ்சம் தயங்கி, “உங்க கையைப் பிடிச்சுக்கலாமா?” என்றார்.

அதுவரை அவர் வேண்டாம் என்று சொல்வதற்கான வழிகளைத்தான் யோசித்திருந்தேன். என் சம்மதத்தையும் யாராவது கேட்பார்கள் என்பது என் நிபந்தனைகள் எதிலும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தவரிடம் மறுப்பது நன்றிகெட்டதனமாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. கேள்வி அதுவல்ல என்பதும் தெரிந்தது. அவர் பக்கத்தில் இருப்பது பிடித்திருந்தது. கை மட்டும் இன்னும் தயாராக இல்லை.

“இன்னிக்கு வேண்டாங்க” என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. கோபம் இல்லை. 

“சரிங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து வரலாமா?”

“அது வரலாம்.”

இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம் விட்டு நடந்தோம்.